செல்லாயிக்கோட்டை அரசிக்கு வந்த காய்ச்சல்

கழுத்தில் மஞ்சள் பூசும்போதுதான் அது கையில் தட்டுப்பட்டது. வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்துவிட்டு மஞ்சளை உரசித் தேய்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம், தாலிக்கயிறு படும் இடத்துக்குச் சற்று மேலே, கொட்டைப்பாக்கு அளவில் உருண்டையாக ஒன்று நின்றது. அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை.

வலித்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போயிருப்பேன். வலிக்காததால் மூன்று மாதம் விட்டுவிட்டேன். இதைப் படிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். வலி இல்லாத கட்டியை நல்ல கட்டி என்று நினைக்காதீர்கள்.

என் பெயர் வசந்தா. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பத்தாம் வகுப்பு வரை படித்தேன். முல்லையும் கனகாம்பரமும் போட்டிருக்கிறோம். விடியுமுன் பூ எடுத்துச் சந்தைக்கு அனுப்புவது கல்யாணம் ஆன நாள் முதல் என் வேலை. எடுத்த பூவில் முதல் கைப்பிடி எங்கள் ஊர் செல்லாயி அம்மனுக்கு. அது தப்பியதே இல்லை.

மூன்று மாதத்தில் உடம்பு இளைத்தது. தூங்கும்போது வேர்த்துத் தலையணை நனைந்தது. வெயில் என்று நினைத்தேன். கடைசியில் என் வீட்டுக்காரர்தான் பிடிவாதமாக அழைத்துப்போனார். தஞ்சாவூரில் பயாப்சி (கட்டியில் ஒரு துணுக்கை வெட்டியெடுத்துப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். பத்து நாள் கழித்து டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். லிம்போமா (கழுத்து, அக்குள் போன்ற இடங்களில் இருக்கும் நெறிகளில் வரும் புற்றுநோய்).

என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, “பூவுக்கு அடிக்கிற மருந்தாலயாங்க?” என்பது.

“அப்படிச் சொல்ல முடியாதுங்க. ஏன் வந்துச்சுங்கிறத விட்ருவோம். இது மருந்துக்குக் கேக்குற வகை. ஆறு தடவை கீமோ கொடுக்கணும்” என்றார் டாக்டரம்மா.

கீமோ என்பது நரம்பு வழியாக ஏற்றும் புற்று மருந்து. இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை. அது கெட்ட அணுக்களோடு சேர்த்து, நோயை எதிர்த்து நிற்கும் வெள்ளையணுக்களையும் கொன்றுவிடும். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை உடம்பு கதவில்லாத வீடு மாதிரி. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அதனால் கூட்டத்துக்குப் போகக் கூடாது. பச்சைக் காய் தின்னக் கூடாது. மண்ணைத் தொடக் கூடாது. பூவைத் தொடக் கூடாது.

“சாமிக்குப் போடுற பூவுமா?” என்று கேட்டேன்.

“எந்தப் பூவும் வேண்டாம்மா. பூவுலயும் தண்ணியிலயும் கிருமி இருக்கும். இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். காய்ச்சல் நூறு புள்ளி நாலு வந்துச்சுன்னா மாத்திரை போட்டுட்டுப் படுக்கக் கூடாது. அந்த நிமிஷமே கெளம்பி இங்க வரணும்.”

தலையாட்டினேன். எல்லாரும் தலையாட்டத்தான் செய்கிறோம்.

எங்கள் ஒரே மகள் கார்த்திகா சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். உள்ளறையைக் கழுவிவிட்டு என்னை அதில் இருத்தினார்கள். முதல் கீமோ முடிந்து பதினெட்டாம் நாள் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அதைவிட எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது விடியற்காலம்தான். மூன்றரை மணிக்கு விழிப்பு வந்துவிடும். தோட்டத்தில் பேச்சுச் சத்தம் கேட்கும். என் கை சும்மா கிடக்கும்.

ஒருநாள் கார்த்திகா தன் லேப்டாப்பைக் கட்டிலில் கொண்டுவந்து வைத்தாள்.

“ஏம்மா, இப்படியே விட்டத்தப் பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு ஒரு ராச்சியத்த ஆளு.”

“வீட்டையே ஆள முடியல. ராச்சியமாம்.”

அது ஒரு விளையாட்டு. அந்தக் காலத்து வெளிநாடு. ஆறு குடும்பம், ஒரு ஜோடி மாடு, ஒரு வண்டி மரம் கொடுத்துக் காட்டோரத்தில் விட்டுவிடுவார்கள். அதை வைத்து ஊர் கட்ட வேண்டும். ஊர் பெருத்து, மூன்று ஊர் சேர்ந்து, கோட்டை எழுப்பினால் தனி ராஜ்யம். அதற்கப்புறம் அதைக் காப்பாற்ற வேண்டும். எல்லாம் இங்கிலீஷில் வரும். கார்த்திகா படித்துச் சொல்வாள். நான் எலியைப் பிடித்து அழுத்துவேன். மவுஸைத்தான் சொல்கிறேன். அவள் எத்தனை தரம் திருத்தினாலும் எனக்கு அது எலிதான்.

முதலில் ஊர்ப் பெயர் கேட்டது. எங்கள் பக்கம் பாதி ஊர்கள் கோட்டையில்தான் முடியும். செல்லாயிக்கோட்டை என்று போடச் சொன்னேன். அடுத்து ஆளுகிறவர் பெயர் கேட்டது. என் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஜில்லாவை ஆண்ட ராஜாக்களே தங்களை அம்மனின் தாசன் என்று சொல்லிக்கொண்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். ராஜாவே அப்படி என்றால் நான் யார்?

“செல்லாயின்னே போடு. ஆளுறது ஆத்தா. நான் கணக்கப்பிள்ள.”

“சரிங்க கணக்கப்பிள்ள” என்று கார்த்திகா சிரித்துக்கொண்டே தட்டினாள். அது எப்பேர்ப்பட்ட தப்பு என்று அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

முதல் வேலையாகக் குளம் வெட்டச் சொன்னேன். அந்த விளையாட்டில் குளமே இல்லை. “அங்கிட்டெல்லாம் மழை தானா பெய்யும்மா” என்றாள். நம்பாமல் நான்கு கிணறு வெட்டினேன். விறகு சேர்க்க மறந்தேன். பனிக்காலம் வந்தது. பனி என்றால் மார்கழிப் பனி அளவுதான் எனக்குத் தெரியும். ஆறு குடும்பத்தில் இரண்டு குடும்பம் குளிர் தாங்காமல் ஊரை விட்டுப் போய்விட்டது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாய்ப்புண்ணாலா, அந்த இரண்டு குடும்பத்தாலா என்று தெரியவில்லை.

பிறகு கற்றுக்கொண்டேன். முதலில் விறகு, அப்புறம் தானியம், அப்புறம்தான் புதுக்குடி. வேலி போடாமல் வயல் போடக் கூடாது. மாட்டை ஓய்வில்லாமல் ஓட்டக் கூடாது. இரண்டாம் கீமோ முடிந்த வாரம் மூன்று ஊர் சேர்ந்து தனி ராஜ்யம் ஆனது. செல்லாயி தலையில் கிரீடம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

அடுத்த வீட்டில் இருக்கும் என் நாத்தனார் பெரியநாயகி, வாசலில் நின்றபடியே தினமும் நலம் விசாரிப்பார். கிருமி வந்துவிடும் என்று உள்ளே வர மாட்டார்.

“ஏண்டி வசந்தா, படை பரிவாரமெல்லாம் சொகமா?”

“சண்ட வரும்போல இருக்கு மதினி.”

“யாரோட?”

“பக்கத்து ராசாவோட. உப்புக் கேட்டு ஆள் அனுப்பினான். குடுக்கல.”

“ஏன்?”

“இங்க வெள்ளிக்கிழமை. வெளக்கு வச்சாச்சு. அந்நேரத்துக்கு உப்ப வெளிய குடுக்கலாமா?”

மதினி சிரிக்கவில்லை. “சரிதான். சண்டைன்னா சண்டைதான். வீட்டு லச்சுமிய வெளிய அனுப்ப முடியுமா?” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அந்த உப்புக்காக எல்லை ஊர் ஒன்று கைவிட்டுப் போனது.

ராஜ்யம் ஆக்குவதைவிட அதை வைத்துக்கொண்டிருப்பது பாடாக இருந்தது. அரசியைப் பெண் கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் செல்லாயி கன்னித் தெய்வம். எல்லாரையும் திருப்பி அனுப்பினேன். வாரிசு இல்லை என்று மூலையில் சிவப்பாக ஒரு எழுத்து நின்றுகொண்டே இருந்தது. அதை நான் கண்டுகொள்ளவில்லை. அம்மனுக்கு எதற்கு வாரிசு?

மூன்றாம் கீமோ முடிந்து எட்டாம் நாள் ஊரில் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் தங்கக் கூடாது. எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். மதினி கோயிலிலிருந்து ஒரு மஞ்சள் கயிறு கொண்டுவந்து கதவு வழியாக நீட்டினார். கார்த்திகா என் கையில் கட்டிவிட்டாள்.

பத்தாம் நாள் மத்தியானம் உடம்பு குளிர்ந்தது. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். நூறு புள்ளி ஆறு.

போனால் படுக்கையில் சேர்த்துவிடுவார்கள். சேர்த்தால் ராத்தங்க வேண்டும். காப்புக் கட்டிய ஊரைத் தாண்டித் தங்கினால், இவ்வளவு நாள் என்னைக் காத்த அம்மனை நானே உதறியது மாதிரி ஆகாதா? எனக்கு அப்படித்தான் தோன்றியது. தெர்மாமீட்டரைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். ஒரு காய்ச்சல் மாத்திரையை விழுங்கினேன். திருநீறு பூசிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் இறங்கியது. அம்மன் இறக்கினாள் என்று நினைத்தேன். மாத்திரை இறக்கியது.

நான்கு மணி வாக்கில் கார்த்திகா வேலையை முடித்துவிட்டு லேப்டாப்போடு வந்தாள். படுத்திருந்தால் சந்தேகப்படுவாள் என்று எழுந்து உட்கார்ந்தேன். சுற்றிலும் உள்ள ராஜ்யங்களில் கொள்ளைநோய் என்பதால் கோட்டைக் கதவை மூடி வைத்திருந்தோம். திடீரென்று திரையில் ஒரு செய்தி வந்தது. கார்த்திகா படிக்க ஆரம்பித்து நிறுத்தினாள்.

“என்ன போட்டிருக்கு?”

“அரசிக்குக் காய்ச்சலாம்மா.”

“யாருக்கு?”

“செல்லாயிக்கு.”

ஆத்தாவுக்குக் காய்ச்சலா? படத்தில் அரசியின் முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் வயது நாற்பத்தேழு என்று இருந்தது. எனக்கும் நாற்பத்தேழு.

“ரெண்டு வழி குடுத்திருக்கான்” என்றாள் கார்த்திகா. “கதவத் தொறக்காம உள்ளயே இருந்து வேண்டிக்கலாம். இல்லாட்டிக் கதவத் தொறந்து பக்கத்து நாட்டு வைத்தியர வரச்சொல்லலாம். தொறந்தா ஊருக்குள்ள நோய் வந்தாலும் வந்துருமாம்.”

“இதுல கேக்குறதுக்கு என்னடி இருக்கு? கதவத் தொற. வேண்டிக்கிறத எங்கிட்டு இருந்தும் வேண்டிக்கலாம்.”

சொல்லிக்கொண்டே எலியைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அவள் கை அதன் மேல் இருந்தது. என் கை அவள் கையில் பட்டது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். தலையணையைத் தூக்கினாள். தெர்மாமீட்டர் இருந்தது, மாத்திரை அட்டை இருந்தது.

“எப்பப் போட்ட?”

“மத்தியானம்.”

“எம்புட்டு இருந்துச்சு?”

அவளே தெர்மாமீட்டரை என் வாயில் வைத்தாள். நூற்றிரண்டு.

“காப்புக் கட்டியிருக்குடி” என்றேன்.

அவள் கத்தவில்லை. அழுதாள். அழுதுகொண்டே, “அந்தப் பொம்மைக்குக் கதவத் தொறன்னு யோசிக்காமச் சொன்னியேம்மா. ஒனக்கு மட்டும் மூடி வச்சுக்கிட்டியே” என்றாள். லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

என் வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து ஓடிவந்தார். மதினியும் வந்தார். அன்றைக்குத்தான் மதினி முதல் தடவை அறைக்குள் காலை வைத்தார்.

“காப்பு நாள்ல போயித் தங்குனா...” என்று மதினி ஆரம்பித்தார்.

“அக்கா” என்றார் என் வீட்டுக்காரர். அவர் தன் அக்காவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. “ஆத்தா ஊர் எல்லையோட நின்னுருவாளா? தஞ்சாவூருக்கு வரமாட்டாளா?”

மதினி மாற்றுச்சேலை இரண்டை எடுத்துப் பையில் வைத்தார். வாடகைக் கார் வந்ததும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். “குத்தம்னா எனக்கும் சேத்து ஆகட்டும். நானும் தங்குறேன்” என்றார். எல்லைக்கல்லைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பேச்சுக் குழறியது. நியூட்ரோபீனியா (எதிர்த்து நிற்கும் வெள்ளையணுக்கள் அடியோடு குறைந்துபோவது) என்றார்கள். அதோடு கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ், ஊசி போட மணிக்கட்டில் இருக்கும் கயிற்றை வெட்ட வேண்டும் என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன். மதினிதான் வந்து முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தார். அதை வெளியே கொண்டுபோகவில்லை. நர்ஸிடம் கேட்டு, ஒரு சின்ன பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, மருந்து பாட்டில் தொங்கும் கம்பியில் கட்டினார்.

“மருந்துக்குக் காப்புக் கட்டியாச்சு. இனிமே ஒன் ஒடம்புதான் அதுக்கு ஊரு, அதத் தாண்டாது” என்றார்.

மறுநாள் டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. அது எனக்குத் திட்டைவிட வலித்தது. “காய்ச்சல் திருவிழாவப் பாத்து வராதும்மா. இன்னும் ரெண்டு மணி நேரம் அந்த மாத்திரைய நம்பிப் படுத்திருந்தீங்கன்னா, நான் உங்ககூடப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது கீமோ நடந்தால், தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. சாமி உங்களைத் தடுக்க மாட்டாள். நாம்தான் அவள் பேரைச் சொல்லி நம்மைத் தடுத்துக்கொள்கிறோம்.

பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். திருவிழா முடிந்து பந்தல் பிரித்திருந்தார்கள். ஊருக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. மதினி இரண்டு நாள் கோயில் வாசலில் நின்று, யாராவது ஏதாவது கேட்பார்களா என்று பார்த்தாராம். பூசாரி கேட்டது ஒன்றுதான். “வசந்தாவுக்கு எப்படி இருக்கு?”

கொஞ்சம் தெம்பு வந்ததும் லேப்டாப்பைக் கேட்டேன். கார்த்திகா தயங்கித்தான் திறந்தாள். அதே செய்தி அப்படியே நின்றது. அரசி அதே வெளுத்த முகத்தோடு இருந்தாள். கதவைத் திறக்கவா, மூடியே இருக்கவா என்ற கேள்வி. பதினோரு நாளாக அவளுக்கு ஒரு நிமிஷம்கூட நகரவில்லை. அந்தப் பதினோரு நாளில் நான் எங்கெங்கோ போய்த் திரும்பியிருந்தேன்.

“அழுத்தவா?” என்றாள் கார்த்திகா.

“இரு. பேர மாத்த முடியுமா?”

“மாத்தலாம். ஏன்?”

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். “காய்ச்சல் வர்றவளுக்கு ஆத்தா பேர வச்சது தப்பு. ஆத்தாவுக்கு வயசாகாது, சாக மாட்டா. வயசாகுறதும் சாகுறதும் நான்தான். என் பேரப் போடு.”

கார்த்திகாவின் கை நின்றுவிட்டது. “வேணாம்மா” என்றாள்.

“போடு. பயப்படாத. ஊர்ப் பேர் செல்லாயிக்கோட்டைதானே? அவ ஊருக்குள்ள தானே நான் இருக்கேன்.”

கட்டிலில் இருந்தபடியே கும்பிட்டு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அரசி வசந்தா. எழுத்து மாறியது. எலியை நானே அழுத்தினேன். கதவு திறந்தது. வைத்தியர் குதிரையில் வந்தார். நோயும் உள்ளே வந்து எட்டுக் குடும்பத்தைக் கொண்டுபோனது. அரசி எழுந்து உட்கார்ந்தாள். ஆனால் அவள் படத்துக்குக் கீழே பலவீனம் என்று ஒரு அடையாளம் விழுந்தது. அது கடைசிவரை போகவில்லை. கீமோவால் என் கால் விரல்களில் வந்த மரமரப்பு இன்னும் போகாத மாதிரி.

மூலையில் இருந்த சிவப்பு எழுத்தை அன்றைக்குத்தான் கவனித்தேன். வாரிசு. ஒருத்தியைத் தத்தெடுக்கலாம் என்றாள் கார்த்திகா. வாசலில் நின்ற மதினியைப் பார்த்தேன்.

“மதினி, எனக்கப்புறம் நீங்க ஆளுறீங்களா?”

“போடி. எனக்கு அறுபது ஆகுது. ஒனக்கப்புறமா நான்?”

“இதுல ஒங்களுக்குப் பதினெட்டுதான்.”

“அப்படின்னா சரி” என்றார் உடனே. “ஆனா உப்பு விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.”

மீதி மூன்று கீமோவையும் ஏற்றிக்கொண்டேன். இரண்டு தடவை காய்ச்சல் வந்தது. இரண்டு தடவையும் நானே காரைக் கூப்பிடச் சொன்னேன். கடைசி ஸ்கேனில் நெறிகள் அடங்கியிருந்தன. குணமாகிவிட்டதா என்று கேட்டேன். “இப்ப நோய் தெரியல. வருஷக்கணக்குல பாத்துக்கிட்டே இருக்கணும்” என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்டு முதலில் வருத்தமாக இருந்தது. இப்போது இல்லை.

முடி சுருட்டையாக முளைத்திருக்கிறது. இது என் முடியா என்று கண்ணாடி முன் நின்று தொட்டுப் பார்ப்பேன். நாட்களை இன்னமும் இருபத்தொன்று இருபத்தொன்றாகத்தான் எண்ணுகிறேன். வருடம் என்று யாராவது பேசினால் மனசு சட்டென்று பிடிக்க மாட்டேன் என்கிறது. பூவைத் தொடலாம் என்று சொன்ன அன்றைக்கு எடுத்த முதல் கைப்பிடி முல்லையை நானே நடந்து போய்ச் சார்த்திவிட்டு வந்தேன்.

கார்த்திகா மறுபடி சென்னைக்குப் போய்விட்டாள். லீவுக்கு வரும்போது ராஜ்யத்தை விட்ட இடத்தில் எடுப்போம். போன மாதம் வந்திருந்தாள். விடியற்காலம் எனக்கு முழிப்பு வந்ததும் அவளையும் எழுப்பிவிட்டேன். தோட்டத்துக்குப் போகுமுன் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். திரையில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. மணி அடிக்கும் சத்தம் கேட்டது. செய்தி வந்தது. கார்த்திகா படிக்கவில்லை. இத்தனை நாளில் அந்த இங்கிலீஷ் வார்த்தைகள் எனக்குக் கொஞ்சம் பழகிவிட்டன. என் பெயரும் ஒரு எண்ணும் இருந்தன. அறுபத்தெட்டு வயதில் அரசி வசந்தா தூக்கத்தில் இறந்துபோனாள்.

கார்த்திகா என் முகத்தையே பார்த்தாள். பிறகு, தற்செயலாகப் படுவது மாதிரி, என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை.

திரையில் கிரீடம் பெரியநாயகி தலைக்குப் போனது. வண்டிகள் நிற்கவில்லை. யாரோ ஒருத்தி நான் வெட்டிய கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே என் வீட்டுக்காரர் டார்ச் லைட்டோடு நின்று கூப்பிட்டார். “பூ எடுக்க வாரியா, இல்லையா?”

“இந்தா வாரேன்.” கழுத்தின் இடது பக்கத்தை மூன்று விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்தேன். இது இப்போது திருநீறு பூசுவது மாதிரி ஒரு வழக்கமாகிவிட்டது.

வழக்கமாக நான் எழுந்தால் கார்த்திகா விளையாட்டை நிறுத்தி வைப்பாள். அன்றைக்கும் கையை அங்கே கொண்டுபோனாள்.

“நிறுத்தவாம்மா?”

“வேணாம். ஓடட்டும்” என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினேன்.